பதில் சொல்லும் அணி

நாங்கள் வந்து குடியேறிய மனுரேவாவில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பாடகர் குழுவுக்குப் பாட்டுத் தேடுகிற வேலை என்னுடையது. அப்படித் தேடியபோதுதான் பதினெட்டாம் நூற்றாண்டுக் காத்தலோனியாவின் கோயில் இசையமைப்பாளர் ஒருவர் அகப்பட்டார். ஒரு சிறு நகரத்துக் கோயிலில் சேர்ந்து, அங்கேயே எழுதி எழுதிக் கண்ணை மூடியவர். அவருடைய மாதா பாட்டொன்றை மடுமாதா திருநாளுக்கு எடுத்தேன். இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்கவேண்டும். முதல் அணி கேட்க, இரண்டாம் அணி பதில் சொல்லும்.

அப்போது என் கணவருக்குக் கடல் தாண்டி பிரிஸ்பேனுக்குப் போகும் பைத்தியம். சம்பளம் கூட, குளிர் குறைவு என்று ஒரே பாட்டு. இக்கரைக்கு அக்கரை பச்சை! எனக்கோ பிளாட் புஷ் வீட்டை விட்டு அசைய மனமில்லை. யாழ்ப்பாணத்தை விட்டது ஒன்றே போதும்.

“இந்த மனுசனைப் பாருங்கோ, ஒரே கோயில்ல இருந்து எவ்வளவு செய்திருக்கிறார்” என்றேன்.

விடுவாரா? மறுநாள் எல்லர்ஸ்லி ஆபீஸிலிருந்து வரும்போதே முகமெல்லாம் பல். அவரும் தேடி வாசித்திருந்தார்.

“உம்மட ஆள் பெரிய நகரத்துக் கோயில் வேலைக்குப் போட்டிப் பரீட்சை எழுதினவராம். அறைக்குள்ள பூட்டிவச்சு, ஒரு நாளைக்குள்ள பாட்டுக் கட்டச் சொல்லுவினமாம். எடுபடேல்ல. எட்டாப் பழம் புளிக்கும் எண்டு இருந்திட்டார்.”

அன்றைக்கு அவர் தேநீரை அவரே போட்டுக் குடித்தார்.

இதற்கிடையில், என் கணவர் உட்பட நாலு பேர் இருந்த இரண்டாம் அணி கரையத் தொடங்கியது. ஒரு தம்பதி மெல்பர்னுக்குப் போனார்கள், இன்னொருவர் பேர்த்துக்கு. மிஞ்சியது என் கணவர் மட்டும். அவருக்கும் பிரிஸ்பேனில் வேலை கிடைத்துவிட்டது. திருநாளுக்கு மறுநாள் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். எனக்குப் பாட்டே வெறுத்துப்போய், “விடுவம்” என்றேன்.

“ஏன்? உம்மட ஆளும் சின்னக் கோயிலில, இருக்கிற ஆக்களுக்குத்தானே எழுதினவர். நான் தனியப் பாடுறன்.”

திருநாளன்று பீடத்தின் ஒரு பக்கம் நாங்கள், எதிரே அவர் ஒற்றை ஆளாக. நாங்கள் பாடி நிறுத்தினோம். அவர் கொஞ்சம் பிந்தினார். பிறகு என்னைப் பார்த்தபடியே தொடங்கினார். ஒவ்வொரு முறையும் நாங்கள் கேட்க, அவர் சொன்னார். கலியாணம் முடித்த இத்தனை வருஷத்தில் சண்டை பிடிக்காமல் அவர் எனக்குப் பதில் சொன்னது அன்றைக்குத்தான். போகப்போகிற மனுசன் இப்படியா பாடுவது என்று நினைத்துக்கொண்டே அடுத்த கேள்வியைப் பாடினேன்.

காரில் ஏறியதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“மூச்சு முட்டிப்போச்சு. அடுத்த வருஷத்துக்கு இன்னும் ரெண்டு மூண்டு பேரைப் பிடியும்.”

“பிரிஸ்பேன்காரருக்கு என்ன சொல்லப்போறியள்?”

“கோயிலுக்கு வெளிக்கிட முந்தியே, நான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.”