சாமி முடித்துவைத்த கேஸ்

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் ஊரே கூடி அவரைக் குடிகாரர் ஆக்கிவிட்டது. "எத்தினி வருஷமா குடிக்கிறாரு?" என்று கேட்காத வாய் இல்லை. மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே கிடந்து ஈரலை அரித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நான் எத்தனை பேரிடம்தான் ஒப்பிப்பது? பீங்கான் கம்பெனியில் என்னோடு உட்கார்ந்து, சூளைக்குப் போகாத பொம்மைகளின் பிசிறைச் சுரண்டும் பெண்கள்கூட நம்பவில்லை. ஒருநாள், "ஆமா, குடம் குடமாக் குடிச்சாரு, போதுமா?" என்று கத்தினேன். கையிலிருந்த பொம்மையின் கழுத்து ஒடிந்துபோனது. அதற்கும் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் ஊசியை விட்டுக் கட்டியைச் சுட்டார்கள். அதற்கு முன்பே அவருடைய அக்கா, கருவேப்பிலங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியிருந்தாள். எங்கள் பக்கத்தில் அதுதான் பெரிய கோர்ட்டு. குறையைக் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டால் மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவைக்கும். தீர்ந்ததும் மறக்காமல் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும். நானும் பக்கத்தில் நின்று கண்ணீர்விட்டுத்தான் கும்பிட்டேன். சாமியோடு எனக்கு என்ன சண்டை?

மூன்றாம் மாதம் ஸ்கேனுக்குப் போனபோது நாத்தனாரும் கூட வந்தாள். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றிவிட்டு, டாக்டரம்மா விலாவில் கருவியை வைத்து அழுத்தித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுட்ட எடத்துல ரத்த ஓட்டமே இல்லைங்க. கட்டி செத்துடுச்சு" என்றார். நாத்தனாருக்கு அது போதும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட வெளியே ஓடிவிட்டாள். டாக்டரம்மா அதோடு நிறுத்தவில்லை. அதே கருவியால் ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்றும் அளந்து பார்த்தார்.

"ஈரல் ரொம்ப விறைச்சிருக்குங்க. இப்படிப்பட்ட ஈரல்ல கட்டி மறுபடி வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். கண்டிப்பா வரும்னு சொல்லல. வந்தா சின்னதா இருக்கும்போதே புடிச்சிடணும். மூணு மாசத்துக்கு ஒருதரம் தவறாம வாங்க."

இதைக் கேட்டது அவரும் நானும் மட்டும்தான். அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த வாரமே நாத்தனார் தம்பியை இழுத்துப்போய்ப் பிராதை வாபஸ் வாங்க வைத்தாள். அங்கே பிடித்தது சனியன்.

"இது சாமி முடிச்சுவச்ச கேஸு. இனிமே ஸ்கேன் எடுத்தா சாமி மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்" என்றாள்.

"கட்டியைத்தான சாமி எடுத்துச்சு அண்ணி? ஈரல் அப்படியேதான இருக்குது?"

"வாயைக் கழுவுடி. வராததை நீயே வா வான்னு கூப்புடுறியா?"

"அவரு நல்லா இருக்கணும்னுதான் கத்துறேன். உங்களுக்கு ஏன் எரியுது?"

அதோடு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள். போனில் மட்டும் தம்பிக்குத் தினமும் ஓதினாள். அடுத்த ஸ்கேனுக்கான நாள் வந்தது, போனது. "வலி இல்ல, சோறு எறங்குது, வேலைக்குப் போறேன். அப்புறம் என்ன ஸ்கேனு?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது, தலையில் நாலு கொட்டு கொட்டவும் தோன்றியது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் முறைத்துவிட்டு டீக்கடைக்குக் கிளம்பினார். ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். கடையில் கூட்டம்.

"அண்ணே, இவருக்கு டீ ஊத்தாதீங்க. ஸ்கேனுக்கு வெறும் வயித்தோட போவணும். கட்டி திரும்ப வரலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. வரமாட்டேன்னு அடம் புடிக்கிறாரு."

ஊற்றிய டீயை மாஸ்டர் அப்படியே பின்னால் நகர்த்திவிட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மானத்தை வாங்குறியே!" என்று பல்லைக் கடித்தார்.

"மானத்தை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு ஆளு வேணும்."

அத்தனை பேர் பார்வையிலிருந்தும் தப்பிக்கத்தான் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பாண்டி வரைக்கும் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார். இடையில் டிக்கெட் எடுத்தாயா என்றுகூடக் கேட்கவில்லை.

டாக்டரம்மா கருவியை ஒரே இடத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஏன் சொன்ன தேதிக்கு வரல?" என்று முதலில் திட்டினார். பிறகு, "பழைய எடம் நல்லா இருக்கு. தள்ளி ஒண்ணு புதுசா வந்திருக்கு. சின்னதுதான், இதையும் சுட்டுடலாம். இன்னிக்கே அட்மிஷன் போட்டுடுங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்ன மாதிரியே வந்துடுச்சு. இப்ப சந்தோஷமா ஒனக்கு?"

"ஆமா, சந்தோஷந்தான்!" என்று கத்தினேன். "சின்னதா இருக்குன்னு சொன்னாங்கல்ல? சந்தோஷமாத்தான் இருக்கு!"

வராந்தாவில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பதிலுக்கு அவரும் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"அன்னைக்கே தெரியும்டி எனக்கு. அந்தம்மா சொன்னப்பவே தெரியும். பயமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்குது?" என்றேன். "எழுந்திரிங்க. அட்மிஷன் கவுண்டரை மூடிடப் போறாங்க."