வலது கீழ் மூலைக் கட்டம்

தலைக்குச் சாயம் குழைத்தேன். அம்மோனியா நெடி மூக்கில் ஏறியதும் பீளமேட்டு வீட்டில் எட்டு வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

அப்பா பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுபவர். அங்கே அம்மோனியா புகையில் எடுக்கும் பிரிண்டுகளில் வீணானவை இதே நெடியோடு வீட்டுக்கு வரும். முன்பக்கம் நீலக்கோட்டில் மோட்டார், வலது கீழ் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் பெயர்களுக்கு ஒரு கட்டம். வெள்ளையான பின்பக்கம் எனக்கு.

ஒருநாள் நல்ல பிரிண்டை வீண்தாள் என்று நினைத்து, அதன் பின்பக்கம் முதலாளியை வரைந்துவிட்டேன். பானை வயிறு, தொப்புளிலிருந்து பம்ப்செட் போலத் தண்ணீர். அப்பா கவனிக்காமல் கொண்டுபோய் முதலாளியின் மேஜையிலேயே விரித்துவிட்டார்.

"வேலை போச்சுன்னே நெனச்சேன் கண்ணு. மொதலாளி சிரிச்சுப்போட்டு, 'ஏனுங்க, இது ஆரு வரைஞ்சது'ன்னாரு. தெரியலீங்கன்னுட்டேன்."

சொல்லிவிட்டு அப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எத்தன வேணாலும் வரை. பேரு மட்டும் போட்டுராத."

இன்றுவரை போடவில்லை. சாதிச் சங்கத்தையும் என் விவாகரத்தையும் படக்கதையாக்கி, ஜெராக்ஸ் எடுத்துக் கைக்குக் கை கொடுக்கிறேன். யாரோ வரைந்தது என்று சொந்தக்காரர்கள் என்னிடமே காட்டிச் சிரிக்கிறார்கள்.

என் தலையில் சாயம் காய்வதற்குள், கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா என் புது ஜெராக்ஸ் புத்தகத்தைப் படித்து முடித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் அவரேதான், முகத்தை மறைக்கும் மூக்கோடு. பேனா கேட்டார். மூக்கைத் திருத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போட்டார். வரைந்தவர் என்று எழுதி என் பெயரை முழுதாக எழுதினார். அதற்குக் கீழே, சரிபார்த்தவர் என்று தன் கையெழுத்தைப் போட்டார்.