கடலில் கொட்டாத தேத்தண்ணி

கொரோனா வந்த வருசம் என் மகள் நாங்கள் சமைக்கிற குசினியைப் பள்ளிக்கூடமாக்கினாள். இந்த வெளிநாட்டில், ஓர்லிகோன் நகரில் எங்களுக்கு இருப்பது சின்ன வீடு. இணையம் ஒழுங்காக இழுக்கிற இடம் குசினி மேசைதான். அங்கே மடிக்கணினியை வைத்துக்கொண்டு, எங்கெங்கோ இருக்கிற பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அமெரிக்கச் சரித்திரம் படிப்பித்தாள். அவள் அமெரிக்காவைக் கண்ணாலும் கண்டதில்லை. கேட்டால், "சரித்திரம் படிப்பிக்க அங்கை போயிருக்கவேணும் எண்டில்லை அம்மா" என்பாள். உண்மைதான், அந்த ஆட்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். போயும் யாரைப் பார்ப்பது?

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கூச்சம் மட்டும் முடியவில்லை. டிராமில் பொத்தானை அழுத்தினால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று, வேறு யாராவது இறங்கும் தரிப்புவரை போய்விட்டு நடந்து வருகிறவள் நான். கமராவில் விழுவேனா? பாடம் நடக்கும்போது அடுப்படிக்குத் தவழ்ந்துதான் போவேன்.

அந்தப் பிள்ளைகள் என்னைவிட மோசம். முகம் காட்டுவதில்லை, வாய் திறப்பதில்லை. திரை முழுக்கக் கறுப்புப் பெட்டிகள். மகள் கேள்வி கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொல்வாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமை ஆசிரியை ஒருநாள் பாடத்தைப் பார்க்க வருவதாக அறிவித்தார். அன்றைக்கும் பிள்ளைகள் ஊமையாக இருந்தால் மகள் வேலையில்லாமல் வீட்டில்தான்.

"இண்டைக்கு அவ வாறா. சத்தம் போடாதேங்கோ அம்மா."

"நான் எப்ப சத்தம் போட்டனான்? என்ன பாடம்?"

"பொஸ்டன் சனம் வரிக்குக் கோவிச்சு, கப்பலிலை வந்த தேயிலையைக் கடலிலை கொட்டினது."

"தேயிலையையோ? விசரங்கள்."

கமராவுக்குப் படாத மூலையில், அடுப்புக்குக் கீழே குந்தியிருந்தேன். பெட்டிக்குள் ஒரு பெண்குரல் வணக்கம் சொன்னது. தலைமை ஆசிரியை! பெட்டிக்குள் வந்தாலும் வீட்டுக்கு வந்த ஆள்தானே? தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பி, பிறகு மகளின் வேலையும் போனால் பழி என் தலையில்.

இரண்டு கோப்பை ஊற்றினேன். தட்டத்தைத் தரையில் தள்ளித் தள்ளி மேசைவரை தவழ்ந்தேன். கமராவில் தெரிந்தது ஒரு கை மட்டும். கை ஒரு கோப்பையை மகளுக்கு வைத்தது. மறைந்தது. திரும்பவும் எழும்பி, அடுத்ததைக் கமராவுக்கு நேரே விருந்தாளிக்கு வைத்தது.

ஒரு பெட்டிக்குள் 'களுக்' என்று சிரிப்பு. பெண்பிள்ளை ஒன்று முகம் காட்டி ஏதோ கேட்டது. மகள் மேசைக்குக் கீழே குனிந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, வரி கூடினால் நீங்களும் தேயிலையைக் கொட்டுவியளோ எண்டு கேக்குது."

"ஏன் கொட்டுவான்? குடிச்சுப்போட்டு வரியைக் குடுக்காமல் விடலாம்தானே!"

மகள் அதை இங்கிலீசில் சொன்னாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அது களவு என்றது ஒன்று. வரிதான் களவு என்றது இன்னொன்று. குடித்திருந்தால் அது சரித்திரத்தில் வந்திருக்குமோ என்றாளாம் முதலில் சிரித்தவள். பாடம் முடியும்வரை சண்டை ஓயவில்லை. மேசைக்குக் கீழே எனக்குக் கால் விறைத்துப்போனது, யாருக்குக் கவலை?

பின்னேரம் தலைமை ஆசிரியையின் மின்னஞ்சல் வந்தது. மகள் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"வேலை நிரந்தரம் அம்மா. அந்தக் கை குந்தியிருக்க ஒரு கதிரை குடுக்கட்டாம்."

கதிரையில் நான் இன்றுவரை இருக்கவில்லை. விருந்தாளிக்கு வைத்த தேத்தண்ணி மட்டும் ஆறிப்போய் மேசையில் கிடந்தது. கொட்டுவதற்கு ஓர்லிகோனில் கடலா இருக்கிறது? நானே குடித்தேன்.