வடக்கே தெரிந்த முட்டுக்காடு

விமானத்தின் கதவைச் சாத்துவதற்குள் என் மனைவி இறங்கிவிடுவதாகச் சொன்னாள். செங்கல்பட்டிலிருந்து ஏர்போர்ட் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததுதான். ஆனால் இந்தத் தடவை பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தே நின்றாள்.

தில்லியில் மகளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி மகள்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் இருக்கிறது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அம்மா போக வேண்டியதாயிற்று. ரயிலுக்கு டிக்கெட்கூட எடுத்து வைத்திருந்தோம். அதற்குள் மாப்பிள்ளை போன் செய்து, எந்த நேரமும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும், உடனே வாருங்கள் என்றார். ரயில் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடும். இவள் இப்போது இறங்கிவிட்டால், அந்த நேரத்தில் மகள் பக்கத்தில் அம்மா இருக்கமாட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன். விமானத்திலும் முன்பே போயிருக்கிறேன். ஆகவே தைரியம் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். இறக்கைக்கு மேலே காற்று எப்படி ஓடுகிறது, கீழே எப்படி ஓடுகிறது என்று நிதானமாக விளக்கினேன்.

"அப்ப வெறும் காத்துதான் நம்மள தாங்கிகினு போவுதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அப்போதுதான் அவள் எழுந்து நின்றது.

சரியாக அந்த நேரத்தில் ஜன்னல் சீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கனமான தங்கச் செயின், விமானம் முழுக்க மணக்கிற சென்ட். போனில் பேசிக்கொண்டே வந்தார். "மினிஸ்டர் கூப்ட்டா ஃப்ளைட்டுல கீறாருன்னு சொல்லு நைனா. மகாபலிபுரம் ரிசார்ட்டு மேட்டர நான் வந்து பாத்துக்கறேன்." முன்னால் இருந்த ஏழெட்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

என் மனைவி நிற்பதைப் பார்த்து, "இன்னா மா, மொத தபாவா? குந்து. நான் கீறேன்ல. இந்த ரூட்ல நம்மள தெரியாத பைலட்டே கெடையாது" என்றார்.

இவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். என் பௌதிகம் சாதிக்காததை ஒரு பீலா சாதித்துவிட்டது. மகிழ்ச்சி அடைய வேண்டிய நான் எரிச்சல்தான் அடைந்தேன்.

விமானம் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த மனிதர் வாயை மூடவில்லை. ஈசிஆரில் பாதி அவருடையதாம். மீதியை வேண்டாமென்று விட்டுவிட்டாராம். திருக்கழுக்குன்றத்தில் கல்யாண மண்டபம், கேளம்பாக்கத்தில் பெட்ரோல் பங்க். மனிதர் வாயாலேயே வடை சுட்டுக்கொண்டிருந்தார். நடு சீட்டில் இருந்த என் மனைவியோ ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். "ரிசார்ட்டுல எத்தினி ரூமுண்ணா? தண்ணி உப்பா இருக்குமே, இன்னா பண்றீங்க?" பெண் கொடுக்கப் போகிறவள்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டாள்.

விமானம் கடலுக்கு மேலே போய் இடதுபக்கம் திரும்பி, கரையை ஒட்டி வடக்கே பறந்தது. கீழே அகலமாக ஒரு ஏரி தெரிந்தது. அவர் ஜன்னலில் விரலை வைத்தார்.

"த பாரு மா, முட்டுக்காடு. போட் அவுஸ் தெரியுதா? அதுக்குப் பக்கத்துல தோப்பு கீதே, நம்மளுது."

முட்டுக்காடு சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. நாங்கள் போய்க்கொண்டிருந்தது வடக்கே. கீழே தெரிந்தது பழவேற்காடு ஏரி. திசை என்று ஒன்று உலகத்தில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி காலால் என் காலை மிதித்தாள்.

"எங்க ஊரு செய்யூருண்ணா. அது தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஏன் தெரியாது? இன்னும் கொஞ்ச நேரத்துல வரும்" என்றார். சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் காட்டவும் செய்தார். ஆந்திராவில் எங்கேயோ இருந்தது.

"ஆமாண்ணா, சவுக்குத் தோப்பு தெரியுது" என்றாள் இவள். முப்பது வருஷம் ஒரு பௌதிக ஆசிரியரோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிற பேச்சா இது? வெட்கமாக இருந்தது எனக்கு.

நாக்பூருக்கு மேலே எங்கோ விமானம் பயங்கரமாக ஆடியது. அவர் குரல் இன்னும் உயர்ந்தது. பெட்ரோல் பங்க் இரண்டாயிற்று. "ரெண்டாவது எங்கண்ணா கீது?" என்று இவள் விடாமல் கேட்டாள். ஆட்டம் நிற்பதற்குள் மூன்றாவதற்கும் இடம் பார்த்துவிட்டார்கள்.

தில்லியில் இறங்கியதும் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று போய்விட்டார். பெட்டிக்காகக் காத்து நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை.

"அவன் காட்டினது முட்டுக்காடே இல்ல. செய்யூர்னு காட்டினது நெல்லூர் ஜில்லா. நீயும் தலையாட்டிகினு வர."

"செய்யூர்ல பொறந்தவ நானு. எனக்குத் தெரியாதா?" என்றாள் நிதானமாக. "அந்த ஆளு கைய நீங்க பாக்கல. வெடவெடன்னு ஆடுது. பேச்சு நின்னா அழுதுடுவாரு போல இருந்துது. அதான் எதையாவது கேட்டுகினே வந்தேன்."

"உனக்கு பயமா இல்லியா?"

"எங்கங்க பயப்படறது? அந்தப் பக்கம் அவரு. இந்தப் பக்கம் நீங்க."

வலது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் வளையல் அழுந்திச் சிவந்திருந்தது. ஒரு வளையல் நசுங்கியும் இருந்தது. விமானம் ஆடியபோது அவளுக்குத் தைரியம் கொடுக்கத்தான் அந்தக் கையைப் பிடித்தேன் என்று அதுவரை உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

வெளியே மாப்பிள்ளை நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. விடியற்காலையில் மகளுக்கு வலி கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. கார் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, என் மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"புது வண்டியா மாப்ள? மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"

அவர் முதலில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வரும்வரை அந்தக் காரின் அருமை பெருமைகளைப் பேசிக்கொண்டே ஒழுங்காக ஓட்டினார். பின் சீட்டில் பெட்டிகளோடு உட்கார்ந்து, என்னிடமும் ஏதாவது கேட்கமாட்டாளா என்று நான் காத்திருந்தேன்.