மேரி மாமியும் மேய்ச்சல் மாடும்

இதனால் தெருவாசிகள் அனைவருக்கும் அறிவிப்பது: கடந்த ஞாயிறு காலை தக்கலை கறிக்கடையில் ஒரு கிலோ மாட்டுக்கறி, வாய்த்தகராறு ஏதுமின்றி விற்பனையானது. வாங்கியவன் நான்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை அம்மா என்னை உலுக்கி எழுப்பி, "பக்கத்து வீட்டு மேரி மாமி போயிட்டாவ" என்றபோது, பள்ளிக்கு எழுப்பும் தந்திரம் என்று திரும்பிப் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது.

மாமியின் பிள்ளைகள் வளைகுடாவில். ஞாயிறுதோறும் கறிக்கடைக்கு அவருக்கு நான் துணை. அங்கே எங்களுக்கு ஒரு பந்தயம் உண்டு. தொங்கும் தொடையைப் பார்த்து, மேய்ந்து வளர்ந்த மாடா, கட்டிப்போட்டு வளர்த்ததா என்று முதலில் சொல்ல வேண்டும். தோற்றவர் கறிக்கு உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், உரிக்க வேண்டும். நடந்து மேய்ந்த மாட்டில் கொழுப்பு குறைவு, இருப்பதும் மஞ்சள். பிண்ணாக்கும் தவிடும் தின்று நின்ற இடத்திலேயே நின்றதற்குச் சதைக்குள்ளேயே வெள்ளைக் கொழுப்பு ஓடும்.

தற்பெருமைக்கு மன்னிக்கவும், நான் தோற்றதே இல்லை.

"மாமி, இது மேய்ச்சல்."

"ஒனக்க கண்ணுல என்னலே இருக்கு, எக்ஸ்ரேயா?"

"கொழுப்பு மாமி."

"அது நாக்குல இருக்கு."

ஒருமுறை கடைக்காரர் ஷாகுல் அண்ணன், "கட்டிப்போட்ட மாடு மாமி, சட்டுனு வெந்துரும்" என்றார். மாமி வேண்டாமென்றுவிட்டார். "பல்லில்லாத வயசுல இந்த வீம்பு எதுக்கு?" என்று வழியில் சீண்டினேன்.

"நடந்த மாடு வேக நேரமாவும்லா மக்கா. அதுவரைக்கும் நீ அடுக்களையில கெடப்ப. சீக்கிரம் வெந்தா தின்னுட்டு ஓடிருவ."

கேட்காமலே அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று தெரியும்.

கடந்த ஞாயிறும் ஷாகுல் அண்ணன் வழக்கம்போல், "சொல்லு மக்கா, எது?" என்றார். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

சொல்லிவிடுகிறேன். நான் ஒருநாளும் கறியைப் பார்த்துச் சொன்னதில்லை. மேய்ச்சல் மாடென்றால், வாய் திறக்கும் முன்பே மாமியின் கை துணிப்பையை விரிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கையைப் பார்த்து முந்திக்கொள்வேன். மஞ்சள், வெள்ளை எல்லாம் அவர் அடுக்களையில் சொல்லக் கேட்டவை. எனக்கு எல்லாக் கொழுப்பும் ஒரே நிறம்.

"தெரியல்ல அண்ணே" என்று, கொடுத்ததை வாங்கி வந்தேன். உள்ளியையும் நானே உரித்தேன். மாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கறி வேகும்வரை அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழக்கம் ஒன்றுதான்.

சட்டென்று வெந்துவிட்டது. கட்டிப்போட்ட மாடு. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.