கோட்டுக்கு மட்டும் காணும்

மீள்குடியேறிய முதல் வருடங்களில், அடம்பன் சந்திக்குப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் ஒரு தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தேன். வேலை குறைவு, வேர்வை அதிகம். ஒருநாள் கரையோரக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் வந்திறங்கி, பூச்சி உருண்டை மணக்கும் துணிப்பொதி ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, மகனுக்குக் கலியாணம். கோட்டும் காற்சட்டையும் தைக்கோணும். துணி லண்டனில இருந்து மகள் அனுப்பினது."

மகளுக்கு அங்கே விசா இன்னும் சரிவரவில்லையாம். தம்பியின் கலியாணத்துக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. "அவளுக்குத்தான் வரேலாது. அவள் அனுப்பினதாவது மாதா கோயிலுக்குள்ள வரட்டும்," என்றார். கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கண் துணியின் கரைக்குத்தான் போனது. எதையும் துருவிப் பார்க்காமல் இருக்க எனக்கு வராது.

கம்பளி கலந்தது, இந்தியாவில் நெய்தது என்று கரையில் ஆங்கில எழுத்து. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில், ஏற்றுமதித் துணி அடுக்கும் கிடங்கொன்றில் நான் கூலிவேலை செய்தேன். கம்பளி அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறது என்பார்கள். மில்லில் பொலியெஸ்டரோடு கலந்து நூலாகித் துணியாகி, சுருள் சுருளாக எங்கள் கைக்கு வரும். இதை எந்த ஊரில் யார் போடுவார்கள் என்று மேஸ்திரியை நச்சரிப்பேன். "குளிர் நாட்டுக்காரன் போடுவான்யா, நீ அடுக்கு!" என்பார். இப்போது அதே மாதிரித் துணி லண்டன் வரை போய்ச் சுற்றிவிட்டு, மன்னார் வெயிலில் நிற்கப்போகும் ஒரு மாப்பிள்ளைக்காக வந்திருக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து நேரே படகில் வந்திருந்தால் ஒரு காலைப்பொழுது போதும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆசை அடங்காமல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் பிடித்தேன். மயிர் கருகும் மணம். நுனியில் கடுகளவு கெட்டி உருண்டை.

"செம்மறி மயிரும் பிளாஸ்ரிக்கும்," என்றேன்.

"இதைப் போட்டுக்கொண்டோ என்ர பிள்ளை பூசையில நிக்கப்போறான்?" என்று மூக்கைப் பொத்தினார். அளவெடுக்க மகனோடு வருவதாகச் சொல்லி, துணியையும் எடுத்துக்கொண்டு போனார்.

புதுத்துணியை நனைத்துக் காயவிட்டுத் தைப்பதுதான் எங்கள் பக்க வழக்கம். பருத்தி சுருங்குவதென்றால் முதலிலேயே சுருங்கட்டும் என்று. அடுத்த கிழமை அம்மா மகனோடு வந்து கொடுத்த துணியை விரித்தேன். விறைத்து, தடித்து, சாக்குப்போலக் கிடந்தது.

"பூச்சி உருண்டை மணம் போகேல்ல தம்பி. கொதிதண்ணீல சவுக்காரம் போட்டு ஊறவைச்சு, கல்லில நல்லா அடிச்சனான்."

கொதிதண்ணீரில் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். அயன் போட்டு இழுத்துப் பார்த்தேன். எப்படி அளந்தாலும் கோட்டுக்கு மட்டும்தான் காணும், காற்சட்டைக்குப் போதாது. சொன்னதும் அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அவள் அங்க குளிருக்க நிண்டு உழைச்சு அனுப்பினதடா தம்பி. நான் அவளுக்கு என்னெண்டு சொல்லுவன்?"

"மேலயும் கீழயும் வேற நிறம் போடுறதுதான் இப்ப நாகரிகம் எண்டு சொல்லுங்கோ," என்றேன். அவர் அதை வாய்க்குள் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார்.

சாம்பல் நிறக் கோட்டை நான் தைத்தேன். கறுப்புக் காற்சட்டையை மன்னார் பஜாரில் வாங்கினார்கள். கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லோரும் நிற்கும்போது மகள் லண்டனிலிருந்து கைபேசியில் வீடியோ அழைப்பில் வந்தாள். அம்மா மாப்பிள்ளையின் இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும்படி போனைப் பிடித்தார். 

"நல்லாயிருக்கு அம்மா. போனைக் கொஞ்சம் கீழ பிடியுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் கீழே இறக்கினார். கறுப்புக் காற்சட்டை தெரிந்தது.

"அம்மா, துணியைக் கல்லில போட்டு அடிச்சனீங்கள் என்ன?"

நான் சொல்லிக்கொடுத்த நாகரிகம் அவர் வாயில் வரவேயில்லை.

"ஓமடி பிள்ளை. அடிச்சனான்."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை.