சனிக்கிரகத்தில் எரிபொருள் தீர்ந்தால்

மூணாறில் மழைக்காக ஜெபம் செய்கிற கடைக்காரர்கள் இரண்டே பேர்: ஒருவர் குடை விற்கிறார், இன்னொருவன் நான். மழை பிடித்தால்தான் சுற்றுலா வந்தவர்கள் ஜீப்பிலிருந்து இறங்கி, பேக்கரிக்கு மேலே இருக்கும் என் அறைக்கு ஏறி வருவார்கள். ஐந்து மேசை, ஓர் அலமாரி நிறையப் பலகை விளையாட்டுகள், மணிக்கணக்கில் வாடகை.

அலமாரியில் பாதிக்கு மேல் விண்வெளி வீரர்கள்தான். அந்தக் காலத்து மலிவுப் பதிப்புக் கதைகளில் வருகிற ஆட்கள். இறுக்கமான சட்டை, கையில் ஒளித்துப்பாக்கி, பின்னால் மூக்கு நீண்ட ராக்கெட். என் மனைவி ரூத்துக்கு அவர்கள்மேல் ஒரு பிரியம். அவள் எஸ்டேட் பள்ளியில் டீச்சர். நான் தேயிலைத் தொழிற்சாலையில் மிஷின் பார்த்தவன், ஐந்தாவதுக்கு மேல் படித்ததெல்லாம் நானாகப் படித்தது. பெட்டியோடு வரும் ஆங்கில விதிப்புத்தகத்தை அவள் வாசித்துத் தமிழில் நோட்டில் எழுதி வைப்பாள். நான் அதை மனப்பாடம் செய்து வருகிறவர்களுக்குச் சொல்வேன். சாயங்காலம் கடை ஓய்ந்ததும் எங்களுக்குள் ஓர் ஆட்டம், எப்போதும் சனிக்கிரகம் போய்த் திரும்புகிற அதே பெட்டி. சிவப்பு ராக்கெட் அவளுக்கு, நீலம் எனக்கு.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு சொல்லிக்கொடுப்பதோடு சரி, நான் ஆட உட்கார்ந்ததில்லை. சிவப்பு ராக்கெட்டை யாருக்கும் கொடுப்பதுமில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். அது என் சட்டைப் பையிலேயே இருக்கும். கடை வைத்திருப்பவர்கள் இந்த மாதிரிப் பொய்களை மன்னிப்பார்கள்.

மீன்தொட்டி

ஜீப் ஓட்டும் செல்லத்துரை என் பழைய வாடிக்கையாளர். வாடிக்கையாளர் என்றால் பெயருக்குத்தான்; சவாரிக்காரர்கள் மேலே ஆடிக்கொண்டிருக்க, இவர் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். ரூத்தும் நானும் ஆடியதையும் அப்படித்தான் வருடக்கணக்கில் பார்த்தார்.

ஒருநாள் பெட்டி அட்டையில் இருந்த வீரனை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். தலையில் உருண்டையான கண்ணாடிக் கவசம், முகத்தில் சிரிப்பு. செல்லத்துரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, மீன்தொட்டியத் தலையில கவுத்துக்கிட்டுத்தான் இவரு உலகத்தக் காப்பாத்துறாரா?"

சுக்கிரனில் மழை

அந்தக் கதைகளில் சுக்கிரன் எப்போதும் மழை பெய்யும் காடு. எங்கள் சனிக்கிரக ஆட்டத்தின் பலகையிலும் அப்படியே. சுக்கிரன் கட்டத்தில் விழுந்தால் மழை நிற்கட்டும் என்று ஒரு முறை ஆடாமல் இருக்க வேண்டும். படத்தில் பச்சைச் சரிவு, அதன்மேல் இறங்கும் மேகம்.

முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்த பாக்கியம் அக்காதான் இப்போது அறையைப் பெருக்கித் தருகிறார். துடைப்பத்தோடு நின்று அந்தக் கட்டத்தைப் பார்த்தார். இது எந்த எஸ்டேட் என்று கேட்டார். சுக்கிரன் கிரகம், வருடம் முழுக்க மழை என்றேன். அக்கா யோசிக்கவேயில்லை. "அப்ப அங்கயும் கொழுந்து பறிக்க நம்ம ஆளுகளத்தான் கூட்டிட்டுப் போயிருப்பானுக."

சனியில் ஒரு தம்பதி

ஒவ்வொருவருக்கும் ஆறு எரிபொருள் வில்லைகள் தருவேன். சனிக்கிரகம் போய்த் திரும்ப வேண்டும். அவசரக்காரர்களுக்குப் போகும் வழியிலேயே தீர்ந்துவிடும். அப்போதுதான் நான் அந்த விதியைச் சொல்வேன்: தீர்ந்தவர் வாய்விட்டுக் கேட்டால், எதிரில் இருப்பவர் ஒரு வில்லை கொடுத்தே ஆகவேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவர் மூன்றே முறை நகர்த்தி ஆறையும் தீர்த்துவிட்டு மனைவியிடம் கையை நீட்டினார். அந்த அம்மா ஒரு வில்லையை எடுத்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "ஏனுங்க, ஊட்டுலதான் இவருக்கு எல்லாம் நானே எடுத்துக் குடுக்கோணும். சனிக்கெரகத்துக்கு வந்துமா?"

புத்தகம் வாசிக்கிறவள்

எந்தக் கடைக்கும் ஒருவர் வாய்ப்பார், அச்சடித்த தாளை முதல் வரியிலிருந்து வாசிக்கிறவர். எனக்கு வாய்த்தவள் கொச்சியிலிருந்து தோழிகளோடு வந்த கல்லூரிப் பெண். நான் வில்லை விதியைச் சொல்லி முடிக்கும்போது, அவள் ஆங்கிலப் புத்தகத்தை இரண்டாம் முறை புரட்டிக்கொண்டிருந்தாள். "அங்கிள், அங்ஙனெயொரு ரூல் இதில் இல்லல்லோ" என்றாள். அப்படியொரு விதியே புத்தகத்தில் இல்லையாம்.

நான் அந்தப் புத்தகத்தைத் திறந்ததேயில்லை. ரூத்தின் நோட்டு இருக்கும்போது அது எதற்கு? அன்று விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். எரிபொருள் தீர்ந்தவர் ராக்கெட்டை எடுத்துவிட வேண்டும், அவருக்கு ஆட்டம் முடிந்தது என்று மட்டுமே இருந்தது. நோட்டை எடுத்தேன். அதே இடத்தில் ரூத்தின் வட்டமான எழுத்து: "கேட்டால் ஒன்று கொடுக்க வேண்டும். இல்லை என்று சொல்லக் கூடாது."

சொந்த வில்லையில் நான் சனியை எட்டியதே கிடையாது. எப்போதும் பாதி வழியில் தீர்ந்து, அவளிடம் கேட்டுத்தான் வாங்குவேன். புத்தகப்படி ஆடினால் பத்து நிமிடத்தில் நான் எழுந்து போய்விடுவேன், மேசையில் தான் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ரூத் முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறாள். இதை நான் இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இது என் மனைவி எழுதியது, தப்பு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று, புத்தகப்படியே ஆடுங்கள் என்றேன். அந்தப் பெண் நோட்டையும் என்னையும் பார்த்தாள். பிறகு ஆங்கிலப் புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். "ஞங்ஙள்க்கு ஆன்டியுடெ ரூல் மதி, அங்கிள். அது போதும்."

எதிர் நாற்காலி

போன ஆடியில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. மழை இருந்தது, ஆட்கள் வரவில்லை. செல்லத்துரை மட்டும் வந்தார். டீ முடிந்ததும் ஜன்னலை விட்டு எழுந்துவந்து, ரூத் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஊருக்கெல்லாம் சொல்லித்தாறீங்க, ஒரு ஆட்டம் போடுவமா?" என்று மஞ்சள் ராக்கெட்டை எடுத்தார். நான் அதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்து முதல் கட்டத்தில் நிறுத்தினார்.

வழக்கம்போல எனக்குத் தீர்ந்தது. சனிக்கு இரண்டு கட்டம் முன்னால். நீல ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால், செல்லத்துரை ஒரு வில்லையை விரலிடுக்கில் பிடித்தபடி காத்திருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, மதினிகிட்ட மட்டும் கேட்டுக் கேட்டு வாங்குனீங்க, எங்கிட்ட கேக்க வாய் வரலியா?"

கேட்டு வாங்கினேன், ஆனாலும் எத்தனையோ பேரைச் சனிக்கிரகம்வரை அனுப்பிவைத்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தத் தொழிலில் கடக்கக் கஷ்டமான தூரம் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்தான்.